லிஸ்பனில் ஒரு வெறுங்கால் தாய்மாமன்

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் ஒருவன் வெளிநாடு போகப்போகிறான் என்று தெரிந்தால் போதும். ஆண்டிப்பட்டிக் கணவாயைத் தாண்டி மதுரைக்குப் போவதற்கே நாள் முழுக்க யோசிக்கிறவர்கள்கூட, அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, காபி கொடுத்து, ஐரோப்பாவில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பாடம் நடத்துவார்கள். போகிறவன் அதையெல்லாம் ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விட்டுவிட வேண்டும். நான் விடவில்லை. வந்த அறிவுரைகளிலேயே மோசமான ஒன்றைப் பொறுக்கியெடுத்து, அதைக் காலில் மாட்டிக்கொண்டு விமானம் ஏறினேன்.

(ஆமாம், காலில்தான். சொல்கிறேன், பொறுங்கள்.)

என் தங்கை மேரி ஆராய்ச்சிப் படிப்புக்கு லிஸ்பன் போனவள். படித்து முடித்து, அங்கேயே வேலையும் வாங்கி, திண்டுக்கல் பையன் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு, ஆண் பிள்ளையும் பெற்றுவிட்டாள். பிள்ளைக்கு அந்தோனி என்று பெயரிட்டு, ஜூன் மாதம் அந்தோனியார் திருநாள் அன்றே ஞானஸ்நானம் கொடுப்பதாக ஏற்பாடு. லிஸ்பன்தான் அந்தோனியார் பிறந்த ஊர் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரியும். ஆனால் காணாமல்போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர் அவர் என்பது சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆட்டைக் காணோம் என்றாலும் ரேஷன் கார்டைக் காணோம் என்றாலும் எங்கள் வீட்டிலிருந்து முதல் மனு அவருக்குத்தான் போகும்.

நான் தாய்மாமன். எங்கள் குடும்பம் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்து எத்தனையோ தலைமுறை ஆகியும் தாய்மாமன் சீர் மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை. சீர் வராமல் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றினால் அது பாதி ஞானஸ்நானம்தான் என்று நினைக்கிறவர்கள் எங்கள் பக்கத்து ஆட்கள். அதற்காக அம்மா, அப்பாவின் மோதிரத்தை உருக்கி ஒரு சின்னச் செயினும் அதில் கோக்க ஒரு சின்னச் சிலுவையும் செய்திருந்தாள். அப்பா பேரனைப் பார்க்காமலே போய்விட்டார்.

"அவுக கையில கெடந்தது பேரன் கழுத்துல கெடக்கட்டும்லே" என்று அம்மா செயினை என் கையில் கொடுத்தபோது அவளுக்குக் குரல் கம்மியது. ஆகவே, தொலைந்தால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம் என்கிற சாமான் இல்லை அது.

இங்கேதான் சித்தப்பா வருகிறார். வடுகபட்டியில் பூண்டு மண்டி வைத்திருக்கிறவர். உலகத்தில் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு வழி உண்டு.

"அங்கன ட்ராமுல ஏறுனா கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள பைய அறுத்துருவாகளாம்டா அருளு. சட்டைப்பையி ஆகாது, இடுப்புப்பையி ஆகாது. நான் சந்தைக்குப் போனா பணத்த எங்கன வப்பேன் தெரியும்ல? காலுக்குள்ள. மனுசன் எத மறந்தாலும் கால மறந்துட்டு வரமாட்டான்ல?"

ஆகா, எப்பேர்ப்பட்ட மூளை என்று அன்றைக்கு வியந்தேன். அதற்குத் தோதாக, தேனி பஜாரில் தள்ளுபடியில் வாங்கின என் புது ஷூ ஒரு சைஸ் பெரியது. கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு சின்ன அறையே காலியாகக் கிடந்தது. நகைக்கடைச் சுருக்குப்பையில் செயினைப் போட்டு, ஷூவின் மூக்குக்குள் திணித்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. அம்மாவிடம்கூட இடத்தைச் சொல்லவில்லை. பாதுகாப்பு விஷயம் பாருங்கள்.

ஞானஸ்நானத்தன்று காலையில் மேரி, என்னையும் என்னோடு வந்திருந்த அம்மாவையும் வீட்டைவிட்டுத் துரத்தினாள்.

"நாலு மணிக்குக் கோயில்ல இருக்கணும். எனக்கு ஆயிரம் வேல கெடக்கு. நீங்க ரெண்டு பேரும் கோட்டை, கோபுரம், மஞ்ச ட்ராம் எல்லாம் பாத்துட்டு வந்துருங்க. வீட்டுக்கு வர நேரமில்லைன்னா நேரா கோயிலுக்கு வாங்க. அண்ணே, சீரு பத்திரமா இருக்குல்ல? அத்தை வீடியோவுல உக்காந்திருப்பாக. மாமன் என்ன கொண்டுவந்தாகன்னுதான் மொதக் கேள்வியே வரும்."

அத்தை என்று அவள் சொன்னது திண்டுக்கல் சம்பந்தியம்மாவை. விசா கிடைக்காததால் அவர் வரமுடியவில்லை. விசா இல்லாவிட்டால் என்ன, கண் வருமே.

"கவலையே படாத, யாரும் தொடமுடியாத எடத்துல இருக்கு" என்றேன். நகையை வீட்டில் வைத்துவிட்டு ஊர் சுற்றுவதாவது என்பது அம்மாவின் கொள்கை. அதனால் சீரும் எங்களோடு நடந்தது.

அப்போதெல்லாம் நான் பயண வீடியோக்கள் பார்த்துப் பார்த்துக் கெட்டுப்போயிருந்த காலம். கம்பத்தில் சொட்டுநீர்க் குழாய் விற்கிறவன்தான்; ஆனால் நினைப்பு மட்டும் உலகம் சுற்றியவன் நினைப்பு. "கோட்டையும் கோபுரமும் எல்லாரும்தான்மா பாக்குறாக. ஊரை ஊராப் பாக்கணும். யாரும் போகாத தெருவாப் பாத்துப் போகணும்" என்றேன்.

"யாரும் போகாத தெருவுக்கு எதுக்குலே போகணும்? ஏதோ காரணம் இருக்கப்போயித்தான யாரும் போகாம இருக்காக?" என்றாள் அம்மா.

கேட்காதது மாதிரி முன்னால் நடந்தேன். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும், அன்றைக்கு நாங்கள் பார்த்த லிஸ்பனை எந்தக் கோபுரத்தின் உச்சியிலிருந்தும் பார்த்திருக்க முடியாது. ட்ராம் கூட்டத்தை விட்டு விலகி ஒரு மேட்டுத்தெருவில் ஏறினோம். வீடுகளின் முகம் முழுக்க நீலமும் மஞ்சளுமாக ஓடு பதித்திருக்கிறார்கள். மாடிக்கு மாடி கொடி கட்டித் துணி காயப்போட்டிருக்கிறார்கள். திருநாள் என்பதால் தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு வண்ணக் காகிதத் தோரணம். வாசலுக்கு வாசல் அடுப்பு வைத்து மத்தி மீன் சுட ஆயத்தம். ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு அம்மாள் முழங்கைக்குத் தலையணை போட்டு, தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். எதிர் ஜன்னல்காரியோடு தெருவுக்கு மேலேயே பேச்சு, சிரிப்பு, கொஞ்சம் சண்டை.

"ஏலே, இது நம்ம தெருவுலே! கொஞ்சம் தூக்கி நிறுத்தி வச்சிருக்காக, அம்புட்டுத்தான்" என்று அம்மா சத்தமாகவே சொன்னாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

மேட்டின் நடுவில் ஒரு சின்னக் கோயில். எந்த வரைபடத்திலும் நட்சத்திரம் வாங்காத கோயில். கதவு திறந்திருந்தது. உள்ளே மெழுகுவர்த்தி வாசம்.

இப்போது கவனியுங்கள். நான் என்ன செய்தேன்? ஒன்றும் யோசிக்கவில்லை. எங்கள் ஊரில் கோயில் வாசலில் எது செய்வோமோ அதைச் செய்தேன். படிக்கு ஓரமாக ஷூவைக் கழற்றி, சாக்ஸைச் சுருட்டி உள்ளே வைத்து, ஜோடி பிரியாமல் சுவரோரம் ஒதுக்கி வைத்துவிட்டு உள்ளே போனேன். அம்மாவும் தன் ரப்பர் செருப்பை அதன் பக்கத்திலேயே விட்டாள். எங்கள் கால்களுக்குக் கோயில் வாசலைக் கண்டால் தாமாகவே கழற்றத் தெரியும். மண்டையைக் கேட்பதில்லை.

உள்ளே ஒருவரும் இல்லை. பக்கச் சுவரோரம் சாயங்காலம் தெருவைச் சுற்றிவரும் சுற்றுப்பிரகாரத்துக்கான சப்பரம் பாதி அலங்காரத்தோடு நின்றது. நாலு பேர் தோளில் தூக்குகிற அளவு. அதன்மேல் அந்தோனியார், கையில் குழந்தை இயேசு. அம்மா பீடத்துக்கு முன்னால் முழங்காலிட்டுக் கண்ணை மூடி ஜெபமாலையை எடுத்தாள். அம்மா ஜெபமாலை எடுத்தால் அது குறுக்குவழியில் முடியாது. நான் பெஞ்சில் உட்கார்ந்து நீல ஓட்டுச் சித்திரங்களை ரசிக்க ஆரம்பித்து, ரசித்தபடியே தூங்கிவிட்டேன். விமானக் களைப்பு.

அம்மா உலுக்கி எழுப்பி வெளியே வந்தால், படியோரம் அவளுடைய ரப்பர் செருப்பு மட்டும் தனியாக இருந்தது. என் ஷூவைக் காணோம்.

"ஏன், என் செருப்பு ஆகாதாமா அவுகளுக்கு?" என்று அம்மா கோபித்துக்கொண்டாள்.

நான் பெரிய மனுஷத்தனமாகச் சிரித்தேன். சத்தியமாகச் சிரித்தேன். "போனாப் போகுதும்மா, தள்ளுபடி ஷூதான. யாராச்சும் இல்லாதவக போட்டுக்கட்டும். இதுவும் ஒரு அனுபவம்" என்றேன். கைப்பேசியை எடுத்து, ஐரோப்பிய வீதியில் வெறுங்காலுடன் நிற்கும் என் பாதங்களைப் படம்கூட எடுத்தேன்.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "செயின எங்கனலே வச்சிருக்க?"

கையால் என் காலைக் காட்டினேன்.

அம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். "அவுக மோதிரம்லே" என்றாள். அவ்வளவுதான். அந்த நிமிஷம் பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

எதிரே ஒரு மளிகைக் கடை. வாசலில் தக்காளிக் கூடைக்குப் பின்னால் தொந்தியும் தாடியுமாக ஒருவர் எங்களைப் பார்த்தபடி நின்றார். பார்த்தால் நம் பக்கத்து ஆள் மாதிரி இருந்தது. நான் என் இங்கிலீஷில் ஆரம்பித்தேன். அவர் இந்தியில் கேட்டார். எனக்கு இந்தி தெரியாது. என் இங்கிலீஷ் அவருக்குப் புரியவில்லை (எனக்கே அன்றைக்குப் புரியவில்லை). பதற்றத்தில் அம்மா, இளவயதில் குமுளி மலைக்கு ஏலக்காய் பறிக்க ஜீப்பில் போய்வந்தவள், தனக்குத் தெரிந்த ஒரே அந்நிய பாஷையில் கத்தினாள்.

"என்டெ மோன்டெ செருப்பு காணானில்லா சேட்டா!"

கடைக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. "அய்யோ சேச்சி! மலையாளம் அறியுமோ? எந்து பற்றி?" என்றார், என்ன ஆச்சு என்று கேட்கிற தோரணையில்.

ரஃபீக் என்று பெயர். வங்காளத்துக்காரர். கேரளத்துப் பெரும்பாவூரில் பிளைவுட் கம்பெனியில் வருஷக்கணக்காக வேலை பார்த்துவிட்டு, அங்கிருந்து எப்படியோ லிஸ்பன் வந்து கடை போட்டிருக்கிறார். ஆக, ஐரோப்பாவின் ஓரத்தில், ஒரு தமிழச்சியும் ஒரு வங்காளியும் மலையாளத்தில் என் மானத்தை ஏலம் விட்டார்கள். ரஃபீக் உடனே தலையில் அடித்துக்கொண்டார். திருநாளன்று இல்லாதவர்களுக்குக் கொடுக்க, தெருக்காரர்கள் பழைய துணி, ஷூ எல்லாவற்றையும் கோயில் படியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவது அந்தத் தெரு வழக்கமாம். கோயிலைப் பார்த்துக்கொள்கிற லூர்தெஸ் அம்மாள் அவற்றை எடுத்துக்கொண்டு மேலே இருக்கிற தெருச் சங்கத்துக் கட்டடத்தில் சேர்த்துவிடுவாராம். சற்றுமுன் அவர் ஒரு புது ஷூவோடு போனதை ரஃபீக்கே பார்த்திருக்கிறார்.

"லூர்தெஸா? நம்ம லூர்தம்மா!" என்று அம்மாவுக்குப் பாதி உயிர் வந்துவிட்டது. எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு லூர்தம்மா உண்டு. அந்தப் பெயர் வைத்தவள் நகையை அமுக்கமாட்டாள் என்பது அவள் நம்பிக்கை.

ரஃபீக் கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு எங்களோடு கிளம்பினார். முன்பின் தெரியாதவர். வியாபார நாள். ஒரு வார்த்தை கேட்காமல் வந்தார்.

மேட்டில் ஏறத் தொடங்கினோம். அந்த ஊர் நடைபாதையில் சின்னச் சின்ன வெள்ளைக் கற்களைப் பல்வரிசை மாதிரிப் பதித்து வைத்திருக்கிறார்கள். ஷூ போட்டு நடந்தபோது என்ன அழகு, என்ன அழகு என்றவன், ஜூன் மாத வெயிலில் வெறுங்காலோடு நடந்தபோது வேறு வார்த்தைகள் சொன்னேன். ரஃபீக் ஒரு ஜன்னல்காரியிடம் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாள் எதிர் ஜன்னலுக்குச் சொன்னார். அது அடுத்த வீட்டுக்குப் போனது. நாங்கள் தெருமுனை போய்ச் சேருவதற்குள் செய்தி எங்களுக்கு முன்னால் போய்விட்டது. மேலேயிருந்து ஆளாளுக்குக் கையை நீட்டி வழி காட்டினார்கள். ஒரு அம்மாள் மாடியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கினார். உள்ளே அவர் வீட்டுக்காரரின் செருப்பு. என் பாதத்தில் பாதிதான் அதற்குள் போனது. கும்பிட்டுவிட்டுக் கூடையை மேலே அனுப்பினேன். அந்தச் செருப்பு பொருந்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்திருக்காது.

திடீரென்று அம்மாவைக் காணோம். திரும்பிப் பார்த்தால் ஒரு முற்றத்து வாசலில் அண்ணாந்து நிற்கிறாள். உள்ளே ஒரு திராட்சைப் பந்தல்.

"அருளு, இங்கன பாரேன், பந்தலு! நம்ம சுருளிப்பட்டி மாதிரியே மேல ஏத்திவிட்டிருக்காக. ஆனா கொப்ப வெட்டிக் கவாத்தே பண்ணாம விட்டுட்டாகலே, பூரா எலையாப் போச்சு."

"அம்மா, செயினு!"

"வாறேன்லே. இவுககிட்ட யாராச்சும் சொன்னா நல்லாருக்கும்" என்று முனகிக்கொண்டே வந்தாள். அப்பாவின் மோதிரம் போனாலும் கொடி கொடிதான் அவளுக்கு.

சங்கத்துக் கட்டடத்தின் முன்னால் தெருவே சமையலறையாகியிருந்தது. புகை. பாட்டு. நீள மேசைகள். லூர்தெஸ் அங்கே இல்லை, வேறு வழியாகக் கீழே இறங்கிவிட்டாராம். ஆனால் என் ஷூ இருந்தது. ஒரு பெரியவரின் காலில். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, பாட்டுக்கு அதைத் தட்டிக்கொண்டிருந்தார்.

ஜுவாக்கிம் என்று பெயர் சொன்னார்கள். ("சுவக்கீனு! மாதாவுக்குத் தகப்பனாரு பேரு!" என்று அம்மா.) சாயங்காலம் அந்தோனியார் சப்பரத்தைத் தூக்குகிற நாலு பேரில் அவர் ஒருவர். காலையில்தான் அவருடைய பழைய ஷூவின் அடி வாய் பிளந்துவிட்டதாம். என்ன செய்வதென்று விழித்துக்கொண்டிருந்தபோது லூர்தெஸ் என் ஷூவோடு வர, அளவு பார்த்தால் அச்சு அசலாகப் பொருந்தியிருக்கிறது. அந்தோனியாரே அனுப்பிவைத்தார் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

ரஃபீக் விஷயத்தைச் சொன்னதும் பெரியவர் பதறிப்போய் ஷூவைக் கழற்றினார். அத்தனை பேர் சூழ்ந்து நிற்க, நான் முட்டி போட்டு ஷூவின் மூக்கு வரை கையை விட்டுத் துழாவினேன். இரண்டிலும் ஒன்றும் இல்லை.

ஜுவாக்கிம் ஏதோ வேகமாகச் சொன்னார். ரஃபீக் அதை மலையாளத்தில் சொன்னார். "ஒரு பை உண்டாயிருந்நு சேச்சி. லூர்தெஸ் அது பள்ளியிலேக்கு கொண்டுபோயி."

"எந்தப் பள்ளிக்கூடம்?" என்றேன்.

"கோயில்லே! மலையாளத்துல பள்ளின்னா கோயிலுலே! எறங்குலே மேட்ட விட்டு!" என்று அம்மா கத்தினாள். ஓடத் திரும்பினவனை ஜுவாக்கிம் பிடித்து நிறுத்தி, ஒரு ரொட்டித் துண்டின்மேல் சுட்ட மத்தியை வைத்து என் கையில் திணித்தார். திருநாளன்று வந்தவனை வெறும் வாயோடு அனுப்ப அவருக்கு மனசில்லை. சொல்லக்கூடாது, என் வாழ்க்கையிலேயே அவ்வளவு ருசியான மீனைத் தின்றதில்லை. அழுதுகொண்டே ஓடிக்கொண்டே தின்றேன்.

கோயிலில் லூர்தெஸ் இல்லை. சுற்றுப்பிரகாரத்துக்கு உடுத்திவர வீட்டுக்குப் போயிருக்கிறாராம். பக்கத்துக் கடையிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பிக் கூட்டிவர ஏற்பாடு செய்தார் ரஃபீக். கைப்பேசி அடித்தது. மேரி. "அண்ணே, எங்க இருக்கீக? மணி என்னாச்சு தெரியும்ல? அத்தை இப்பவே லைன்ல வந்து சீரக் காட்டச் சொல்றாக." ட்ராம் கிடைக்கவில்லை என்று பொய் சொல்லி வைத்தேன்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. சப்பரத்துக்கு முன்னால் தரையில் முழங்காலிட்டேன். அந்தோனியாரின் பாதத்தைப் பார்த்தபடி மனம்விட்டு அழுதேன். "எங்க அப்பா மோதிரம்யா அது. உங்க ஊருக்கு வந்து உங்க வாசல்லயே தொலைச்சிட்டேன். ஆட்டக் கண்டுபிடிச்சுக் குடுத்தீக, ரேஷன் கார்டக் கண்டுபிடிச்சுக் குடுத்தீக. இத ஒண்ணக் குடுத்துருங்கய்யா. இனிமே எதுவும் கேக்கமாட்டேன்."

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. "அருளு."

"இரும்மா, வேண்டிக்கிட்டு இருக்கேன்."

"ஏலே, வேண்டுனது போதும். தலையத் தூக்கிப் பாரு."

பார்த்தேன். அந்தோனியார் கையில் குழந்தை இயேசு. குழந்தை இயேசுவின் கழுத்தில் அப்பாவின் மோதிரம், சின்னச் சிலுவையோடு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மினுமினுத்துக்கொண்டிருந்தது. பிள்ளைக் கழுத்துக்குச் செய்த செயின் பிள்ளைக் கழுத்துக்கு அளவாக இருந்தது. அதற்கு நேர் கீழே உட்கார்ந்து, அதைக் கண்டுபிடித்துத் தரச்சொல்லி இவ்வளவு நேரம் அவரிடமே அழுதிருக்கிறேன். மனுஷர் சிரிப்பை எப்படி அடக்கினாரோ தெரியவில்லை.

லூர்தெஸ் வந்தார். கறுப்புப் பட்டுச் சட்டை, காதில் தொங்கட்டான், அம்மாவின் வயசு. நடந்ததைக் கேட்டதும் கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். அவர் சொன்னதை ரஃபீக் எங்களுக்குச் சொன்னார். புது ஷூவைக் கோயில் படியில் வைத்து, அதற்குள் தங்கத்தையும் ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்றால், யாரோ பெயர் தெரியாமல் அந்தோனியாருக்கு நேர்ச்சைக் காணிக்கை செலுத்தியிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? அதனால் ஷூவை இல்லாதவருக்கும் தங்கத்தைக் குழந்தை இயேசுவுக்கும் கொடுத்துவிட்டார். இதைவிட நேர்மையாக ஒருத்தி என்ன செய்துவிட முடியும்? அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டுச் செயினைக் கழற்றப் போனார்.

"வேண்டாம்!" என்று அம்மா தடுத்தாள்.

"என்னம்மா?"

"நேர்ச்சையா ஏறிருச்சுலே. பாலன் கழுத்துல போட்டத எப்பிடித் திருப்பிக் கேக்குறது? அவுக மோதிரம் இங்கனதான் இருக்கணும்னு இருக்கோ என்னமோ" என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கையை மட்டும் தடுத்த இடத்திலிருந்து எடுக்கவில்லை.

அங்கே பேரன் வெறுங்கழுத்தோடு காத்திருக்கிறான். சம்பந்தியம்மா வீடியோவில் காத்திருக்கிறார். இங்கே இவள் கடவுளோடு நியாயம் பேசிக்கொண்டிருக்கிறாள். ரஃபீக் மெதுவாக லூர்தெஸிடம் சொன்னார். லூர்தெஸ் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். அதன் சாரம், "இந்தப் பிள்ளைக்கு வருஷம் முழுக்க ஊர் நகை போடுகிறது. உன் பேரனுக்கு இன்றைக்கு ஒரு நாள்தானே."

அம்மா யோசித்தாள். அந்த நேரம் பார்த்து வாசலில் ஜுவாக்கிம் வந்து நின்றார். என் ஷூவைத் திருப்பிக் கொடுக்க மேட்டிலிருந்து இறங்கி வந்திருக்கிறார். அதைப் போட்டுக்கொண்டு வருவது முறையில்லை என்று கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு. அவரைப் பார்த்ததும் அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. நேரே அந்தோனியாரைப் பார்த்துப் பேசினாள்.

"அய்யா அந்தோனியாரே, செயின நான் எடுத்துக்கிறேன். அதுக்கு ஈடா இவன் ஷூ ஒமக்கு. ஒம்மத் தூக்குறவரு போட்டுக்கட்டும். இவன் இன்னைக்குப் பூராவும் வெறுங்காலோட நடப்பான். சரியாப் போச்சா?"

"அம்மா, என் காலும்மா அது!"

"பெத்தவ நேரக்கூடாதா? அந்தக் காலப் பெத்தது யாருலே?"

ரஃபீக் கடையிலிருந்து ஒரு ரப்பர் செருப்பை எடுத்துவந்து நீட்டினார். அம்மா அதை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள். லூர்தெஸ் செயினைக் கழற்றி, முத்தமிட்டு, அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஆளுக்கொரு பாஷையில் ஒருவரையொருவர் ஆசீர்வதித்தார்கள். ஜுவாக்கிம் ஷூவை மாட்டிக்கொண்டு, எனக்கு முன்னால் நாலு எட்டு நடந்து காட்டினார்.

ஞானஸ்நானக் கோயிலுக்குப் போன மெட்ரோ ரயிலில் எல்லோரும் என் பாதத்தைப் பார்த்தார்கள். உடனே மரியாதையாகக் கூரையைப் பார்த்தார்கள். கோட்டு, பேண்ட், கரிபிடித்த கால். கோயில் வாசலில் மேரி என்னை உச்சியிலிருந்து பார்த்துக்கொண்டே கீழே வந்து, அங்கேயே நின்றுவிட்டாள். "அண்ணே, என்னண்ணே இது கோலம்?" என்று ஆரம்பித்தவளின் கையில் அம்மா செயினை வைத்ததும் பேச்சு நின்றது. அவள் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் பிள்ளையின் கழுத்தில் போட்டேன். குட்டி அந்தோனி சிலுவையைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டான். அந்த நிமிஷத்துக்காக லிஸ்பன் முழுவதையும் வெறுங்காலோடு சுற்றச் சொன்னாலும் சுற்றியிருப்பேன்.

மாப்பிள்ளையின் கைப்பேசியிலிருந்து திண்டுக்கல் பேசியது. "செயினு நல்லாருக்கு. அதென்ன, தாய்மாமன் வெறுங்காலோட நிக்காக?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா ஒரு இமைகூட அசைக்கவில்லை.

"எங்க பக்கத்து வழக்கம் சம்பந்தி. தாய்மாமன் வெறுங்கால்ல நடந்துதான் சீரு கொண்டுவரணும். அப்பத்தான் பிள்ளைக்கு ஆகும். உங்க பக்கம் இல்லையோ?"

தன் பக்கம் ஒரு வழக்கம் குறைவது சம்பந்தியம்மாவுக்குப் பொறுக்காது. "எங்க பக்கமும் உண்டுதான். இப்பத்தான் யாரும் செய்யிறதில்ல" என்றார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தோம். இன்றைக்கும் ஜூன் பிறந்தால் ரஃபீக் ஒரு படம் அனுப்புகிறார். தோரணத்துக்குக் கீழே சப்பரம், சப்பரத்துக்குக் கீழே ஜுவாக்கிம், ஜுவாக்கிமுக்குக் கீழே தேனி பஜார் ஷூ. நான் பார்க்கப்போன ஊர் என் ஷூவைப் போட்டுக்கொண்டு நடக்கிறது என்பதில் எனக்கு ஒரு ரகசியப் பெருமை உண்டு. சித்தப்பா மட்டும் இன்னும் தன் அறிவுரையில் தப்பில்லை என்கிறார். "நான் கால மறக்கமாட்டான்னுதானடா சொன்னேன். இவன் கால மறக்கலையே?"

போன கோடையில் திண்டுக்கல்லில் சம்பந்தியம்மாவின் மகள் வீட்டுப் பிள்ளைக்கு ஞானஸ்நானம். மேரி குடும்பம் ஊருக்கு வந்திருந்ததால் நாங்களும் போயிருந்தோம். உச்சி வெயில். தெருமுனையிலிருந்து மேளத்தோடு சீர்த்தட்டு வந்தது. தட்டுக்குப் பின்னால் தாய்மாமன், அதாவது என் தங்கை மாப்பிள்ளை, லிஸ்பனில் பெரிய உத்தியோகத்தில் இருக்கிறவர், பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொதிக்கிற தார்ரோட்டில் வெறுங்காலால் துள்ளித் துள்ளி வந்தார்.

"நிழல்ல நடக்கக்கூடாதுப்பா, நேரா வா!" என்று சம்பந்தியம்மா வாசலிலிருந்து அதட்டினார். பக்கத்தில் நின்ற உறவுக்காரியிடம் பெருமையாகச் சொன்னார். "எங்க பரம்பரை வழக்கம்மா. விட்டுறக்கூடாது பாருங்க."

மாப்பிள்ளை என்னைக் கடக்கும்போது நின்றார். என் முகத்தைப் பார்த்தார். என் காலில் கிடந்த புது ஷூவைப் பார்த்தார். நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கையில் ஜெபமாலையோடு கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

குட்டி அந்தோனிதான், கழுத்தில் தாத்தாவின் தங்கத்தோடு, ஊருக்கே கேட்கிற மாதிரிக் கூப்பிட்டான். "அப்பா, சீக்கிரம் வாங்க! மாமா ஷூவக் கழட்டுறாக, அவுகளும் உங்ககூட நடக்கப்போறாக!"

அதுவரை நான் குனியக்கூட இல்லை. கழற்றினேன். வேறென்ன செய்ய?